வரவேற்பறையில் தொங்கும் மாமியார்

குற்றாலத்தில் எங்கள் லாட்ஜின் வரவேற்பறையில், சாவி மாட்டும் பலகைக்கு மேலே, கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்குகிறது. கறுப்புப் பின்னணியில், ஆரஞ்சு நிறத்தில், கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கும் ஒற்றை உருவம். சாரல் காலத்தில் தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாகச் சாவி வாங்க நிற்பவர்கள் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். "இது என்ன மூலிகை வேரு?" என்று கேட்காதவர் குறைவு. மூளைக்குள் இருக்கும் நரம்புச் செல் என்று நான் சொல்ல வேண்டும். யார் செய்தது என்று அடுத்துக் கேட்பார்கள். எங்கள் மதினி என்று அதையும் நானேதான் சொல்ல வேண்டும்.

மதினி என் அண்ணன் மனைவி. சிவகிரிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். தென்காசியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது நான்தான். பெட்ரோலும் என் செலவு.

பாத்திரக் கடை மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் சுண்டெலியின் மூளைப் புறணியில் கடுகளவு வெட்டியெடுத்து, அதையும் ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து அனுப்புவார்கள். கணினி அந்தப் படங்களை அடுக்கி ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிடும். ஆனால் அதற்கு அவசரம் அதிகம். ஓர் இழையைப் பாதியில் விட்டுவிடும். இல்லையென்றால் ஒருத்தியின் கையை இன்னொருத்தியின் தோளில் கொண்டுபோய் ஒட்டிவிடும். அதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. மூளையில் பெரும்பாலான செல்கள் மற்ற செல்களைத் தூண்டிவிடுகிறவை. சில மட்டும் 'சும்மா இரு' என்று அடக்குகிறவை. தடுப்பு நியூரான் என்று பெயர். அலுவலகத்துப் பெண்கள் நாங்கள் அதை 'மாமியார்' என்றுதான் சொல்வோம். எந்த மாமியார் எந்தெந்தச் செல்லை எங்கே தொட்டு அடக்குகிறாள் என்ற வரைபடம்தான் ஆய்வகத்துக்கு வேண்டியிருந்தது.

நான் வேகக்காரி. மதினி தாவரவியல் படித்தவள், எதையும் நிதானமாகப் பார்ப்பாள். சந்தேகம் இருந்தால் தொடவே மாட்டாள். "அவசரப்பட்டு ஒட்டிட்டா பெறகு பிரிக்கது பெரும்பாடுட்டி" என்பாள். சீக்கிரமே டீம் லீடர் அவளுடைய திருத்தங்களை எல்லோருக்கும் மாதிரியாகக் காட்ட ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் இதே கதைதான். என் அம்மா, அதாவது நிஜ மாமியார், வேலை முடிந்து வந்தவளிடம் "கண்ணு வலிக்கும், போய்ச் செத்த சாஞ்சிரு தாயி" என்பாள். அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த என்னிடம் "ஏட்டி, கொடியில கெடக்க துணிய எடுத்து உள்ள போடு, சாரல் அடிக்கி" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மிக முழுமையான தடுப்புச் செல் யாருடையதோ, அவரை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். கல்லூரியில் படிக்கும்போதே பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவள் நான். மதினியிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. கடைசியில் என் செல்லும் அவள் செல்லும் போட்டியில் நின்றன. ஒருவர் முடித்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவள் செல் என் கைக்கு வந்தது. ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தச் செல்லைப் பார்த்த அளவுக்கு என் செல்லைக்கூட நான் பார்த்ததில்லை. ஒவ்வோர் இழையாகப் பிடித்து நுனிவரை போனேன். மற்ற செல்களில் செய்தி கொண்டுபோகும் நீள இழையான ஆக்சான் கிளம்பும் கழுத்துப் பகுதியாகத் தேடிப் போய்க் கொத்துக் கொத்தாகத் தொட்டுக்கொண்டிருந்தது அது. குரல்வளையைப் பிடிக்கிற ரகம். ஒரு குறையும் அகப்படவில்லை, எரிச்சல்தான் கூடியது. கடைசியில் ஒரு மடிப்பில் மாட்டினாள். சீவல் சுருங்கிக் கறுத்துப்போன இடம். அங்கே ஓர் இழை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. மதினி தன் வழக்கப்படி சந்தேகத்தில் விட்டிருக்கிறாள். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மைட்டோகாண்ட்ரியா பாதி தெரிந்தது. அந்தப் பக்கம், நிறமில்லாமல் கிடந்த வேறோர் இழைக்குள் மீதிப் பாதி இருந்தது. இரண்டும் ஒரே இழைதான்.

"மதினி, விட்டுட்டிய! இங்கன ஒரு கெள அப்பிடியே நிக்கி, வந்து பாருங்க!" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

எல்லோரும் எழுந்து வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் இரண்டு துண்டையும் சேர்த்துக் காட்டினேன். அவ்வளவுதான், அந்தத் துண்டுக்குப் பின்னால் அனாதையாகக் கிடந்த ஒரு புதரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறி வந்து சேர்ந்தது. திரை கொள்ளவில்லை. மதினி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எத்தனை தடவ இதுல முட்டிட்டுத் திரும்பியிருக்கேன்! ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி தெரிஞ்சுது?" என்றாள். பொறாமையில் தெரிந்தது என்று எப்படிச் சொல்வது? டீம் லீடர் கைதட்டினார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எது மிக முழுமையான செல் என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. செல் அதை முடித்தவர் பெயரில்தான் நிற்கும். சரிபார்த்தவருக்குப் பெயர் கிடையாது.

மதினி போனாள். அண்ணனும் பின்னாலேயே போனான். அவன் பார்த்துவந்த வரவேற்பு மேசை சனி, ஞாயிறுகளில் என் தலையில் விழுந்தது. படத்தை அங்கிருந்து அனுப்பினாள், அம்மா ஆசையாக மாட்டினாள். என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகி, அதைப் புதுப்பித்தும் ஆயிற்று.

போன சாரலுக்கு மதினி விடுமுறையில் வந்திருந்தாள். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று படத்தைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டது. அவள் பெருமையடிப்பதை ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. மதினி படத்தின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கெள முழுக்க இவ கண்டுபிடிச்சதாக்கும். இது இல்லன்னா எனக்கு அங்க வேலையே கெடச்சிருக்காது. அங்கயும் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை அவள் மறைத்திருந்தால் எனக்கு ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும், நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அவள் திரும்பிப் போய்விட்டாள். நேற்று ஈரத்துண்டோடு நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது என்ன வேர் என்று கேட்டார். "மூளைச் செல்லு. எங்க மதினி செஞ்சது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இடது பக்கக் கிளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கும் மதினிதான் வர வேண்டியிருக்கிறது.