அணைந்துகொண்டே இருந்த பிளாஸ்மா

அணுப்பிணைவு உலையில் கொதிக்கும் மின்னேறிய வாயுவான பிளாஸ்மாவைக் காந்தங்களால் கணத்துக்குக் கணம் அடக்கிவைக்க, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கணினி நிரலைப் புள்ளி கொடுத்துப் பழக்கினோம். உலையும் உண்மையானதல்ல, கணினிக்குள் உருவாக்கிய மாதிரிதான். மூன்று வாரமாக நிரல் பிளாஸ்மாவைத் தொடங்கியவுடனேயே அணைத்துக்கொண்டிருந்தது. எரிச்சலில், உடன் வேலை செய்யும் நிர்மலா மீது பாய்ந்தேன்.

"நீர்தான் எங்கையோ பிழை விட்டிருக்கிறீர்!"

அவள் என் திரையைப் பார்த்தாள். "அண்ணை, இதுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"பிளாஸ்மா சுவரிலை பட்டால் புள்ளி குறையும் எண்டு."

"எரிஞ்சுகொண்டிருந்தால் புள்ளி கூடும் எண்டு?"

"சொல்லேல்லை."

அணைந்த பிளாஸ்மா சுவரில் படாதுதானே! நான் கேட்டதைத்தான் நிரல் செய்திருந்தது. அந்த விதியைச் சேர்த்துப் பழக்கியதும் பிளாஸ்மா நின்று எரிந்தது.

நிர்மலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கத்தியது எல்லோர் முன்னிலையிலும். மன்னிப்புக் கேட்டது தனியாக. அதுதான் இன்னும் உறுத்துகிறது.