அடியில் ஒன்றும் இல்லாத வண்டி

என் கணவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நின்றிருக்கும் கார் எதைக் கண்டாலும் அதன் பின்புறம் சென்று, சற்றே குனிந்து, அடிப்பகுதியைப் பார்ப்பார். திருமண மண்டபத்தின் வெளியிலும் மருத்துவமனை வாசலிலும் படப்பைக் கடைத்தெருவிலும் இது நடக்கும். பட்டு வேட்டியோடு அவ்வாறு குனிந்து நின்றவரிடம் மண்டபக் காவலாளி ஒருமுறை, "இன்னா சார், எதுனா கீழ வுழுந்துட்சா?" என்று கேட்டதுண்டு. விழுந்தது ஒன்றுமில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் கார்களின் புகைக்குழாய்களைப் பற்றவைக்கும் பிரிவுக்கு அவர் தலைவர். சைலன்சர் என்று எல்லோரும் சொல்லும் உருளையும், அதனை எஞ்சினோடு சேர்க்கும் வளைந்த குழாய்களும் அவரும் அவருடைய ஆட்களும் பற்றவைத்தவை. குனிந்தவர் நிமிரும்போது, "நம்மளுதுதான்" என்பார். வேறு யாரோ செய்ததாக இருந்தால், "இன்னா பத்த வெச்சிகீறான் பாரு, பூரான் ஊர்ந்தா மாரி" என்று உதட்டைச் சுழிப்பார். மாணவர்களின் விடைத்தாளை நான் பார்ப்பதைப் போலத்தான் அவர் ஊரிலுள்ள கார்களின் வயிற்றைப் பார்த்தார்.

மின்சாரக் கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவரே. சேரப்பணஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து, திருப்பெரும்புதூருக்கு அப்பால் நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரிக்கு இரண்டு பேருந்துகள் மாறிச் செல்ல வேண்டும். என் இடுப்பெலும்பில் தேய்மானம் கண்டபின், கூட்டத்தில் நின்றபடி பயணம் செய்வது ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பெட்ரோல் வண்டி எடுத்தினா சம்பளத்துல பாதிய பங்க்லயே குத்துட்டு வருவ. கரண்ட் வண்டி எடு. வூட்லயே சார்ஜ் போட்டுக்கலாம்" என்றார்.

"உங்க பிழைப்பே பெட்ரோல் வண்டியாச்சே?"

"ஆமா, நீ ஒருத்தி வாங்கலன்னா எங்க லைன் நின்னுடப் போவுதா? போய் பணத்தக் கட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முன்பதிவுக்குப் பின் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் அவருடைய பிரிவில் இரவு முறை வேலை நின்றது. கூடுதல் நேர வேலை இல்லை என்றானது. ஒப்பந்தத்தில் வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். இவர்களிடம் குழாய் வாங்கும் கார் நிறுவனம் பெட்ரோல் வண்டி செய்வதையே குறைத்துக்கொண்டது என்று பேச்சு. நல்ல காலத்தில் கேட்ட வண்டி கெட்ட காலத்தில் வந்து சேர்ந்தது.

வண்டியை எடுக்கச் சென்ற நாளில், விற்பனைக் கூடத்தில் மாலை போட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பெரிய சாவியைப் போல வெட்டிய அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். படம் எடுக்க நின்றபோது பக்கத்தில் அவரைக் காணவில்லை. வண்டியின் பின்னால் குனிந்திருந்தார்.

"அண்ணா, இங்க வாங்கண்ணா, அக்கா பக்கத்துல நில்லுங்க" என்று படமெடுத்த பெண் கூப்பிட்டாள்.

வந்து நின்றார். என் காதருகே, "அடியில ஒண்ணும் இல்ல. வழிச்சி வெச்சா மாரி கீது" என்றார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் பார்வை என்மேலும் இல்லை, படக்கருவியின்மேலும் இல்லை.

வண்டியின் முதல் வாரங்களை நான் மகிழ்ச்சியோடு நினைவுகூர வேண்டும். மகிழ்ச்சி இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. முன்புறக் கூரையின் கீழ் வண்டிக்கு மின்னேற்ற, பெரிய துளைகள் கொண்ட பிளக் பாயிண்ட்டை அவரேதான் பொருத்திக் கொடுத்தார். இரவில் வடத்தைச் செருகிவிட்டுப் படுத்தால், காலையில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பது திரையில் தெரியும். குளிரூட்டியைப் போட்டால் அந்த எண் இறங்குவதும், மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் தணிந்து செலவழித்ததில் சிறிதை மீட்டுக்கொள்வதும் எனக்குப் புதுமையாக இருந்தன. சரக்குப் பெட்டி ஏற்றிய பெரிய லாரிகளுக்கு நடுவே ஒலியின்றிச் செல்லும்போது, முதன்முறையாக அந்தச் சாலையில் என் எண்ணங்கள் எனக்குக் கேட்டன. வல்லம் அருகே தேநீர்க் கடையில் நிறுத்தினால், "எவ்ளோ ஓடும்மா? மழையில ஷாக் அடிக்காதா?" என்று விசாரிப்பார்கள். இவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஆசையோடு வீடு திரும்புவேன். அவர் "ம்" என்பார். தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டுவார்.

வண்டி வந்த நாளுக்குப் பின் அவர் அதில் ஏறவே இல்லை என்பது எனக்கு உடனே புலப்படவில்லை. காஞ்சிபுரத்தில் என் தங்கை மகளின் வளைகாப்புக்குப் புறப்பட்டபோதுதான் தெரிந்தது. "நீ முன்னால போ. பைக்க எடுத்து ரொம்ப நாளாச்சு, பேட்டரி வுட்டுடும்" என்று சொல்லிவிட்டு, வழிநெடுகப் பின்னால் வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவருடைய தலைக்கவசம் சிறியதாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

காரணத்தை நான் பேருந்து நிறுத்தத்தில் கேட்டறிந்தேன். எங்கள் தெரு முதன்மைச் சாலையைத் தொடும் இடத்தில் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும். ஒரு சனிக்கிழமை நண்பகலில் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, இரண்டாம் முறை வேலைக்குச் செல்ல அவரும் மற்றவர்களும் அங்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குள் திரும்ப வழி கிடைக்காமல் பேருந்தின் அருகே நின்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது. நான் வந்ததை எவரும் உணரவில்லை.

"இன்னா தலைவரே," என்று பேருந்தின் சன்னலிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். பென்னலூர்க்காரர், என் கணவரோடு ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர். "வூட்டுக்குள்ளயே எதிர்க்கட்சிய வெச்சிகினு கீறியே. நாம இங்க கண்ணு அவிய அவிய சைலன்சர் பத்த வெக்கிறோம், அண்ணி அது இல்லாமயே சர்ருனு போறாங்க. நம்ம சோத்துல மண்ணுதான்."

பேருந்து முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த சக தொழிலாளி ஒருவர் மட்டும், "விடுங்கண்ணே. மதினி காரு சத்தமில்லாமத்தான் போவுது. ஒங்க வாய்க்குத்தான் மொதல்ல ஒரு சைலன்சர் மாட்டணும்" என்றார். மறுபடி சிரிப்பு. என் கணவர் படியில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை முறை வேலைக்குப் போனவர் மாலை வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லை. பேருந்தும் வரவில்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. சாலையில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் புறப்பட்டேன்.

வாயிலை நெருங்கியபோது ஆட்கள் சாலையிலேயே நின்றிருந்தார்கள். பேருந்துகள் வரிசையாகக் காத்திருந்தும் ஒருவரும் ஏறவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. ஒலிப்பானை அழுத்த மனம் துணியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து கூட்டத்தின் நடுப்பகுதிக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் ஒருவர் திரும்பினார். மின்சார வண்டிக்கே உரிய பச்சை எண்பலகையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பினார்கள்.

பென்னலூர்க்காரர் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். "வந்துட்டாங்கப்பா, பால் ஊத்த!"

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, சும்மா இரிங்க. அவுகளுக்கு என்ன தெரியும்?" என்று தூத்துக்குடிக்காரர் அவரை விலக்கினார். என் பக்கம் குனிந்து, "லைன மூடுதாவளாம் மதினி. இந்த மாசக் கடசியோட. இப்பந்தான் கூப்பிட்டுச் சொன்னாவ" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். சட்டை முழுதும் நனைந்திருந்தது. கதவைத் திறப்பார் என்று இருக்கையில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் வைத்தேன். அவர் கண்ணாடியில் விரலால் தட்டி, "நீ போ. நான் பஸ்ல வரேன்" என்றார். போய் ஏறிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள். எங்கள் நிறுத்தம்வரை அந்தப் பேருந்தின் புகைக்குப் பின்னாலேயே நான் வண்டியை ஓட்டி வந்தேன்.

வீட்டில் தலையைத் துவட்டியபடி, "இன்னிக்கு ஏன் வந்த?" என்று கேட்டார்.

"மழை. போனும் எடுக்கலையே."

"ஒரு நாளும் வராதவ, இன்னிக்குப் பாத்து வந்துகீற. எல்லார் முன்னாடியும் நான் அந்த வண்டில ஏறி குந்தியிருந்தா எப்பிடி இருந்திருக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். அதான் ஒண்ணும் சொல்லல."

நிர்வாகம் மூன்று வழிகளைச் சொல்லியிருந்தது. கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். குசராத்தில் உள்ள கிளையில் அதே வேலை இன்னும் இருக்கிறது; அங்கே போகலாம். அல்லது இதே வளாகத்தின் புதிய கூடத்தில் மின்சாரக் கார்களுக்கு மின்கலப் பெட்டி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே இயந்திரக் கைகள் பற்றவைக்கும். சரிபார்க்கவும் குறை தீர்க்கவும் சிலரை மட்டும் தேர்வு வைத்து எடுப்பார்கள். பென்னலூர்க்காரர் கணக்கை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தார். தூத்துக்குடிக்காரர் குசராத்து என்றார்.

"நீங்க?"

"நானும் குஜராத்துதான்."

என் வேலை இங்கே. வீடு இங்கே. என் இடுப்பு எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்பது மருத்துவருக்கே உறுதியில்லை. "இங்கேயே அந்தத் தேர்வ எழுதலாமே?" என்று கேட்டேன்.

"அது வேலையா? மெஷின் பத்த வெக்கும், நான் கைய கட்டிகினு வேடிக்கை பாக்கணும். எங்க லைன முழுங்குன சாமானத்த எங்க கையாலயே செஞ்சி குடுக்கச் சொல்றியா?"

அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று எண்ணினேன். விற்றால் அவருக்கு மூடிய பிரிவு திறந்துவிடாது; எனக்கு மீண்டும் இரண்டு பேருந்துகள். எண்ணம் அங்கேயே நின்றது.

அந்த வாரத்தில் வல்லம் அருகே, லாரியிலிருந்து விழுந்து கிடந்த கருங்கல் ஒன்றின்மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். அடியில் நீளமாக ஓர் உரசல் ஒலி கேட்டது. ஓசையே எழுப்பாத வண்டியில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. மின்கலம் இருக்கும் இடம் அது. வீடு வந்தும் வடத்தைச் செருக அச்சமாக இருந்தது, சுவரிலேயே மாட்டிவைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெளியே வந்தவர், "சார்ஜ் போடலியா?" என்றார்.

"அடியில கல்லு இடிச்சிட்டுது. பயமா இருக்கு."

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கொல்லையிலிருந்து இரண்டு கனமான பலகைகளைக் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு எதிரே போட்டார். "மெதுவா மேல ஏத்து. ஹேண்ட் பிரேக்கப் போடு." பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பழைய சாக்கை விரித்து, கைப்பேசி விளக்கோடு மல்லாந்து உள்ளே நகர்ந்தார். வெளியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

"உடைஞ்சிருக்கா?"

"கீறல்தான். நெளியல." கொஞ்ச நேரம் கழித்து, "இம்மாம் பெரிய பொட்டியா! முன் சக்கரத்துலேர்ந்து பின் சக்கரம் வரிக்கும் கீது" என்றார்.

"சரி, வெளியே வாங்க."

"இரு. ஈரத் துணி ஒண்ணு குடு."

கொடுத்தேன். துடைக்கும் ஓசை கேட்டது. "எல்லாம் மெஷின் பத்த வெச்சது. ஸ்கேல் வெச்சி கோடு இழுத்தா மாரி போவுது. பாக்கவே கடுப்பா கீது." மீண்டும் துடைத்தார். பிறகு ஓசை நின்றது.

"என்னங்க?"

"இங்க ஒருத்தன் கை பட்டுகீது. மெஷின் வுட்டுட்டுப் போன எடத்த எவனோ கையால முடிச்சிகீறான். கடைசில அவசரப்பட்டுட்டான்."

"நல்லா இருக்கா?"

"சுமார். நம்ம பசங்க இதவிட நல்லா..."

நம்ம பசங்களில் பாதிப்பேர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கைப்பேசி விளக்கு அணைந்தது. கால்கள் அசையாமல் கிடந்தன. நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தேன்.

திங்களன்று தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "குஜராத்துக்குக் குடுத்த பேரயும் எடுக்கல. ரெண்டுலயும் கீது" என்றார். தூத்துக்குடிக்காரர் ரயிலேறும் முன் வீட்டுக்கு வந்து விடைபெற்றார். "எடம் பிடிச்சு வைக்கேன் அண்ணே. ஆனா நீங்க வரக்கூடாதுன்னு கும்பிட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

தேர்வு நாளன்று நான் கல்லூரிக்குக் கிளம்பியபோது, அவர் வந்து காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். கேட்டால் இறங்கிவிடுவாரோ என்று உடனே வண்டியைக் கிளப்பினேன். முழங்கால்களை ஒடுக்கி, கைகளை அவற்றின்மேல் வைத்து, புதிய இடத்துக்கு வந்த விருந்தாளியைப் போல அமர்ந்திருந்தார். வேகத்தடைகளில் மட்டும், "மெதுவா, மெதுவா" என்றார்.

தொழிற்சாலைக்கு ஒரு திருப்பம் இருக்கையில், "இங்கயே நிறுத்து" என்றார்.

"வாசல் இன்னும் தள்ளியிருக்கே?"

"நடந்துக்கறேன். பசங்க எவனாவது கணக்கு முடிக்க வந்திருப்பான்."

இறங்கினார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார். அங்கிருந்து வாயில்வரை, வேலைக்கு வந்தவர்களின் கார்கள் சாலையோரம் ஒன்றன்பின் ஒன்றாக, பின்புறத்தைக் காட்டி நின்றிருந்தன. அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டியின் பின்னாலும் அவர் குனியவில்லை.