அவசரமாகச் சூடேற்றிய உலை

பாட்டில் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் உலைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியை உருக்கும் பெரிய உலை அவர் பொறுப்பு. அது வருடக்கணக்கில் அணையாமல் எரிவது. ஒருமுறை குளிர்ந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி பாறையாக இறுகிவிடும், அதன்பின் உலை உதவாது. அதனால் காய்ச்சல் வந்தாலும் அவர் ஒரு நாள் முழுதாக வீட்டில் தங்கியதில்லை. "உங்க மூத்த சம்சாரம் தேடுவா, போங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

ஆர்டர்கள் குறைந்தபோது எரிவாயுவுக்குச் செலவழிக்க முடியாமல் முதலாளி உலையைக் குறைந்த சூட்டில் வைக்கச் சொன்னார். பாட்டில் ஓடுவது நின்றது. எல்லோருக்கும் வேலை போய்விடும் என்ற பேச்சு கிளம்பிய நேரத்தில், அரசு உதவி தரப்போகிறது, அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. தொழிற்சாலை கல்யாண வீடு போலாகிவிட்டது. கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பேக்கிங்கில் வேலை செய்த அவருடைய மச்சினன் ஓடி வந்தான்.

"மாமா, உலையை ஏத்துங்க. பாட்டில் ஓடுறதைப் பாத்தாதான் குடுப்பாங்க. செத்துக் கிடக்கிற கம்பெனிக்கு யாரு தருவா?"

"மெதுவாத்தான்டா ஏத்தணும். அவசரப்பட்டா உலையோட கூரைக் கல்லு தாங்காது."

"நீங்க மெதுவா ஏத்தி முடிக்கிறப்ப நாங்க எல்லாம் வீட்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் கையையே பார்த்தார்கள். மேனேஜர் "உங்க இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். இத்தனை வருடம் கூடவே இருந்த உலை தன்னைக் கைவிடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. எரிவாயு வால்வை ஒரேயடியாகத் திறந்தார்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் மதியம் உலையின் கூரை படாரென்று வெடித்தது. கற்கள் ஒவ்வொன்றாக உருகிய கண்ணாடிக்குள் விழுந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் தீயை நிறுத்துவதைத் தவிர வேறு வழியும் இல்லை. அவரே நிறுத்தினார்.

மறுநாள் வந்த அதிகாரி இளம்பெண். உலை முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏன் சார் ஏத்துனீங்க? பாட்டில் ஓடுதான்னு பாக்க நான் வரலையே. ஆர்டர் திரும்புற வரைக்கும் உலையை அணையாம குறைஞ்ச சூட்டுலயே வச்சிருக்கவும், உங்க சம்பளத்துக்கும்தானே இந்த உதவி?"

"இப்பத் தரமுடியாதாம்மா?"

"உலை உயிரோட இருந்திருந்தா தந்திருப்போம் சார். புது உலை கட்ட இதுல வழியில்ல."

பின்னால் நின்ற மச்சினன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். உலைக்காரரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நீயாவது ஏதாவது சொல்லேன்" என்றார்.

"என்னத்தைச் சொல்ல? கேட்டவன் என் தம்பி. திறந்தவரு நீங்க. நான் யாரைத் திட்டுறது?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்து வைத்தாள். இருவரும் சாப்பிடவில்லை.

பெரிய உலை சட்டென்று ஆறுவதில்லை. எல்லோரும் கணக்கு முடித்துப் போன பிறகும் அவர் தினமும் காலையில் போய் அதன் சுவரில் கை வைத்துப் பார்த்தார். முதலில் கிட்டேயே நெருங்க முடியவில்லை. பிறகு சுட்டது. பிறகு வெறும் வெதுவெதுப்பு. மற்ற சுவர்களைப் போலவே அதுவும் சில்லென்று இருந்த காலையில், காவலாளியிடம் தினமும் சொல்லும் "நாளைக்கு வரேன்" சொல்லாமல் வெளியே வந்தார்.