கித்தாருக்குள் கிடந்த துண்டு

எங்கள் கிஷன் இசைக்குழுவின் இருபதாம் ஆண்டு மலருக்கு, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குப் பிரமிளா பேர் விழுந்தது. மறுபடி குலுக்கச் சொன்னேன். குழுவை நடத்தும் கிஷன் சிரித்தான். அதனால் எழுதுகிறேன். அவளுக்கும் எனக்கும் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதச் சுலபம்.

நான் சுப்பையா. ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். முப்பது வருடமாக ஒலிபெருக்கி வேலை. மேடையில் யார் பாடினாலும் வாசித்தாலும் சத்தம் என் கை வழியாகத்தான் வெளியே போகும்.

பிரமிளா கித்தார் வாசிப்பவள். வயது முப்பத்தாறு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து, நகத்தளவு சிப்பில் பற்றவைத்தது சரியா தப்பா என்று பார்க்கிற வேலை. தப்பு என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். மனுஷரையும் அப்படித்தான் பார்ப்பாள். தொழிற்சாலையின் வருடாந்திர விருந்தில் வாசிக்க ஆள் குறைகிறது என்று கித்தாரைக் கையில் எடுத்தவள், அப்புறம் கீழே வைக்கவில்லை. கலியாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்ட அத்தைமாரிடம், "ஓவர்டைம் இருக்கு" என்றாளாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சுங்கை பாக்காப்பில் ஒரு கலியாண விருந்து. நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் கித்தார் கேட்கவில்லை என்று அவள் மைக்கைப் பிடித்து, "சவுண்டு அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தான். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்ததையும் நான் சுத்தமாக இறக்கிவிட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

போன வருடம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஜெலுத்தோங்கில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் இர்வான், விளம்பரப் பாட்டுகளுக்கு மாதாமாதம் வாசிக்கக் கூப்பிட்டான். ஆனால் அவளிடம் இருந்தது உள்ளே கூடே இல்லாத முழுக்கட்டைக் கித்தார். மேடைக்குச் சரி, ஒலிப்பதிவில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, வயிறு உள்ள கித்தாரோடு வா என்றான் இர்வான். வயிறு உள்ள கித்தார் மேடையில் ஊளையிடும் என்றான் கிஷன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஸ்பீக்கர் சத்தம் அந்த வயிற்றுக்குள் போகும், கம்பி தானாக அதிரும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கு வரும். கடைசியில் சாமி ஊர்வலம் பார்த்த நாய் மாதிரி ஒரு சத்தம். எவன் வாசித்தாலும் திட்டு எனக்குத்தான் விழும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு வகை உண்டு. பாதி வயிறு. இரண்டு ஓரமும் வெறும் கூடு, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டை. அந்தக் கட்டைதான் ஊளையை அடக்கும். ஓரத்துக் கூடுதான் ஒலிப்பதிவுக்கு இதமான சத்தம் கொடுக்கும். பழைய கித்தாரைக் கடையில் தள்ளிவிட்டால்தான் அவளால் அப்படி ஒன்றை வாங்க முடியும். தப்பானதை வாங்கினால் திரும்பிப் போக ஒன்றும் இருக்காது.

கிஷன் அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "சனிக்கிழம நிபோங் திபால்ல சவுண்டு செக். புதுக் கித்தாரோட வா. ஊளை வந்துச்சுன்னா ஒனக்குப் பதிலா கித்தாருக்குப் பட்டர்வொர்த் ஆளக் கூப்புட்டுருவேன்." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் கடைக்குக் கூடப் போங்க" என்றான்.

என் வேனில் போனோம். முன்சீட்டில் என் வயர் பெட்டி உட்கார்ந்தது. அவள் பின்னால்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் காஜா மொய்தீன் கடை. முன்னால் தபேலாவும் ஆர்மோனியமும், பின்னால் கித்தார்கள். பாதி வயிற்றுக் கித்தார் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, சிவப்பு, கண்ணைப் பறிக்கும். இன்னொன்று காப்பிக் கலரில், அங்கங்கே சிராய்ப்பு, ஒரு திருகு வேறு நிறம்.

அவள் சிவப்பை மாட்டிக்கொண்டாள். "பாய், சத்தத்தக் கூட்டச் சொல்லுங்க" என்றாள். நான் இரண்டு அடி தள்ளித்தான் நிற்கிறேன்.

காஜா மொய்தீன் என்னைப் பார்த்தார். "அண்ணே, கூட்டணுமாம்."

"இந்தப் பொட்டி இவ்வளவுதான் தாங்கும்னு சொல்லுங்க பாய்."

"தங்கச்சி, இவ்வளவுதான் தாங்குமாம்."

"கேட்டுச்சு."

"அவங்களுக்குக் கேட்டுச்சாம் அண்ணே." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு. நடுவுல நான் எதுக்குலா?"

"நடுவுல ஒரு கட்டை வேணும் பாய். இல்லாட்டி ஊளை வரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் திரும்பியபோது சிவப்புக் கித்தாரின் முதுகு தெரிந்தது. அதில் பெல்ட்டுக் கொக்கி கீறிய வடு, பிறை மாதிரி. எனக்கு அந்த வடுவைத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் கார்த்திகேசு என்பவன் எங்கள் குழுவில் வாசித்த கித்தார் அது. அதில் நடுக்கட்டை கிடையாது. முழு வயிறு. மேடைக்கு மேடை ஊளை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானேதான் சாத்தே இறைச்சி கோக்கிற குச்சியால் ஒரு துண்டை அதன் வயிற்றுக்குள் திணித்தேன். ஊளை குறைந்தது, கித்தாரின் குரலும் குறைந்தது. பிறகு கார்த்திகேசு ஜொகூருக்குப் போய்விட்டான். கித்தார் கைமாறிக் கைமாறி இங்கே வந்து தொங்குகிறது. உள்ளே என் துண்டோடு.

நான் வாயைத் திறக்கவில்லை. பேச்சு இல்லாதவளிடம் என்ன சொல்வது? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சிவப்பு பிடித்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்து வாசித்தாள், நின்று வாசித்தாள், கம்பியை இழுத்து வளைத்துவிட்டுச் சுருதி நிற்கிறதா என்று பார்த்தாள். "நடுக்கட்டை இருக்குல்ல பாய்?" என்று கேட்டாள். "இருக்கு தங்கச்சி, வித்தவன் சத்தியம் பண்ணான்" என்றார் அவர். அவள் தன் பழைய கித்தாரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அப்போதும் நான் பேசவில்லை.

என்ன தோன்றியதோ, அவள் ஒரு கையில் சிவப்பையும் மறு கையில் காப்பிக் கலரையும் தூக்கிப் பார்த்தாள்.

"பெருசு இது. ஆனா இதான் லேசா இருக்கு. ஏன் பாய்?"

"நல்ல மரம் தங்கச்சி. நல்ல மரம் லேசாத்தான் இருக்கும்."

"கம்பிய விட்டதும் சத்தம் செத்துப்போவுது. வயிறு இருந்தா கொஞ்ச நேரமாவது நிக்கணுமே."

கைப்பையைத் திறந்தாள். பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, மூக்கு வளைந்த நீள இடுக்கி. தொழிற்சாலைச் சாமான். கைப்பேசி விளக்கைப் போட்டு, கித்தாரின் நெஞ்சில் வளைவாக வெட்டியிருக்கும் துளைக்குள் கண்ணாடியை விட்டாள். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். இடுக்கி உள்ளே போனது. வெள்ளையாக ஒரு முனை வந்தது. இழுக்க இழுக்கக் குடல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. குட் மார்னிங் துண்டு. காப்பிக்கடைக்காரர்கள் தோளில் போட்டிருப்பார்களே, அதே வெள்ளைத் துண்டு. ஓரத்தில் கறுப்பு மையில் கொட்டை எழுத்து: சுப்பையா சவுண்டு.

என் சாமான் எதிலும் பேர் எழுதாமல் விடமாட்டேன். வயர், பிளக், குடை, துண்டு. தொலைந்தால் கேட்டு வாங்க வேண்டுமே.

காஜா மொய்தீன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பழைய கித்தாரை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார். "எனக்குத் தெரியாது தங்கச்சி. அல்லா மேல ஆணையா."

அவள் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினாள்.

"ஒங்க துண்டுதானே?"

"ஆமா."

"உள்ள கட்டை இல்லன்னு தெரியும்."

"தெரியும்."

"கடைக்குள்ள வந்ததுமே தெரியும்."

"நீ கேக்கல."

அவள் துண்டை நாலாக மடித்தாள். "அன்னிக்கு மைக்கில தூங்கிட்டீங்களான்னு கேட்டேன். தப்பு. நீங்க முழிச்சிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

அது உண்மை. சுங்கை பாக்காப்பில் நான் தூங்கவில்லை. பெண்பிள்ளை கித்தார் அவ்வளவு கேட்டால் போதும் என்று முதல் பாட்டிலிருந்தே குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

காப்பிக் கலருக்குள்ளும் கண்ணாடியை விட்டு, கட்டையைக் கண்ணால் பார்த்து, இடுக்கியால் தட்டியும் பார்த்தாள். பிறகுதான் பழையதைக் கொடுத்தாள். துண்டை அவளே வைத்துக்கொண்டாள். திரும்பும்போது வேனில் ஏறவில்லை, பஸ்ஸில் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம், நிபோங் திபால் மண்டபம். வெறும் நாற்காலிகள். கிஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மலரில் போடுவதால் மறைக்கவில்லை: அந்தக் கித்தாரை ஊளையிட வைக்கத்தான் பார்த்தேன். அவள் காலடியில் இருந்த ஸ்பீக்கரை நேராக அவளைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். சத்தத்தை ஏற்றினேன்.

அவள் விலகிப் போகவில்லை. ஸ்பீக்கருக்கு இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள். ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தாள். நாலாவது கம்பி முனகத் தொடங்கியது. கிஷன் தலையைத் தூக்கினான். முனகல் கொஞ்சம் வளர்ந்தது, தயங்கியது, அப்படியே அடங்கிவிட்டது. கட்டை பிடித்துக்கொண்டது.

"இன்னும் ஏத்துங்க" என்றாள் என்னைப் பார்த்து. மைக் இல்லாமல்.

ஏற்றினேன். மறுபடி தட்டினாள். மறுபடி அடங்கியது.

"இன்னும்."

என் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "போதும் அண்ணே, கூரை வந்துரும்" என்றான் கிஷன். பட்டர்வொர்த் ஆளுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னான். அடுத்த மாதம் இர்வானும் அதே கித்தாரோடு அவளைச் சேர்த்துக்கொண்டான்.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் அவள் என் துண்டால் கம்பியைத் துடைத்து, மைக் கம்பத்தில் தொங்கவிட்டாள். என் பேர் என்னைப் பார்த்திருக்கிற மாதிரி. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அது அங்கேதான் தொங்குகிறது. அவள் சத்தத்தை நான் குறைப்பதில்லை. பேச்சும் இப்போது நேராகத்தான்: ஏத்துங்க, இறக்குங்க, போதும்.

போன மாதம், சாமானை ஏற்றும்போது துண்டைக் கேட்டேன்.

"கேட்டுட்டீங்களா? எப்பக் கேப்பீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். "தரமாட்டேன்."