குதிரை பார்க்க ஓர் உடுப்பு

போன சனிக்கிழமை காலை நான் என் மைத்துனனைச் சாகடித்துவிட்டேன்.

பதற வேண்டாம். ரவி ரொறொன்ரோவில் சுகமாகத்தான் இருக்கிறான். அன்று மாலையே தொலைபேசியில் வந்து, "அத்தான், அங்க நல்ல வெயிலோ?" என்று கேட்டான். காலையில் செத்தவனோடு மாலையில் வெயிலைப் பற்றிக் கதைத்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

எல்லாம் குதிரையில் தொடங்கியது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு டீச்சரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு – அவர் என் மனைவி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விலங்கியல் படிப்பிக்கிறார். வீட்டிலும் அவர் டீச்சர்தான், அதனால்தான் இந்த மரியாதை. பல்லியைக்கூட விஞ்ஞானப் பெயர் சொல்லித்தான் விரட்டுவார். அவரிடம் ஒரு கமெராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் இருக்கின்றன. அந்த லென்ஸைப் பொருத்தி அவர் என் பக்கம் திரும்பினால் எனக்கே இரண்டு கையையும் தூக்கத் தோன்றும். அப்படியிருக்க, சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு என்ன தோன்றும்?

முன்பெல்லாம் ஞாயிறு காலையில் அத்திடிய சதுப்புப் பக்கம் போய்க் கொக்கும் நாரையும் எடுத்துக்கொண்டு வருவார். சோதனைகள் மறுபடியும் தொடங்கியதும் கமெரா அலுமாரிக்குள் போய்விட்டது. நான் நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்கட நாட்டில காட்டுக் குதிரை இருக்கோ?" என்று கேட்டிருக்கிறாள்.

இருக்கிறது. நெடுந்தீவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன குதிரைகள், கட்டுவார் மேய்ப்பார் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் திரிகின்றன. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்ட டீச்சரிடம் ஒரு படம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும், படகேறினால் வந்துவிடும் அந்தத் தீவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. போகக்கூடிய காலமாக அது இருக்கவுமில்லை.

"சித்திரை லீவுக்குப் போறம்" என்றார்.

"போறமோ? நானுமோ?"

"லென்ஸை ஆர் காவுறது?"

இந்த மாதிரி நேரத்திலா என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார். "பாதை திறந்திருக்கேக்க போகாட்டி, பிறகு எப்ப போறது?"

உண்மைதான். சமாதானம் என்ற சொல்லை ரேடியோவில் வாசிப்பவர்களே இப்போது கொஞ்சம் தயங்கித்தான் வாசிக்கிறார்கள். வடக்குக்குப் போகும் ஏ-நைன் பாதை இன்று திறந்திருக்கிறது. நாளை? மூடினால், அந்தப் பிள்ளை படித்து முடித்து, கல்யாணம் கட்டி, அவளுடைய பிள்ளையும் வந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் எனக்குப் பயம். இதை எழுத வெட்கமில்லை, வாசகர்களுக்கு என்னைத் தெரியும். ஓமந்தைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால்? முகமாலையில்? படகேறும் இடத்தில்? ஒரு தமிழ் மனுசி, கடல் சூழ்ந்த தீவு, தூரத்தை இழுத்துப் பக்கத்தில் காட்டும் லென்ஸ்... குதிரைக்குத்தான் என்று சொன்னால் நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? பல் விளக்கும்போது பயந்தேன். பஸ்ஸில் பயந்தேன். டீச்சர் பாடசாலை அதிபரிடம் மூன்று மொழியிலும் கடிதம் வாங்கினார், தங்குவதற்குக் கூடப் படிப்பிக்கும் ஒருவரின் தாய் வீட்டை நெடுந்தீவில் ஒழுங்கு செய்தார். குதிரைகள் விடியற்காலையில் எந்தப் பக்கம் தண்ணீருக்கு வரும் என்றும் விசாரித்து வைத்தார். ஒவ்வொரு ஒழுங்கும் முடிய முடிய, பயணத்தை நிறுத்த நான் ஒரு புதுக் காரணம் தேடினேன்.

இந்த நிலையில்தான் ரவியின் பார்சல் வந்தது.

கனடாப் பார்சல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தபாலில் வராது, ஆளில் வரும். கல்யாண வீட்டுக்கு வந்த ஒருவர், "உங்கட தம்பி தந்துவிட்டவர்" என்று வாசலில் வைத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். மேலே சொக்லேட். அதன் கீழே சவர்க்காரம், விற்றமின் குளிசை. எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து...

ஆமி உடுப்பு!

பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத் திட்டாய். சட்டை, காற்சட்டை, தொப்பி, லென்ஸுக்குப் போட ஓர் உறை. உறையும் அதே நிறம். மேலே ஒரு சின்னத் துண்டில் ரவியின் கையெழுத்து: "அக்கா, இதைப் போட்டால் குதிரை கிட்ட வரும். இங்கே படம் எடுக்கிற ஆட்கள் எல்லாரும் இதுதான் போடுறவை."

நான் முதலில் செய்த வேலை, ஜன்னலைச் சாத்தியது. இரண்டாவது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் என்று நினைத்துக் கதிரையில் இருந்தது. கொண்டுவந்த அப்பாவிக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது!

"உம்மட தம்பிக்கு விசரே?" என்று கத்தினேன். மெதுவாகத்தான் கத்தினேன், சுவருக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இவன் யார் தெரியுமா? பச்சைக் காற்சட்டை போட்டுக்கொண்டு ரியூஷனுக்குப் போன குற்றத்துக்காக, புலியென்ற சந்தேகத்தில் ஒரு முழுப் பகலும் வெயிலில் நிலத்தில் இருத்தி வைக்கப்பட்டவன். அதற்குப் பிறகுதான் வீட்டில் அழுது பிடித்து அவனை வெளியில் அனுப்பினார்கள். மற்றவர்கள் மறக்கலாம். இவன் எப்படி மறந்தான்?

இப்போது இந்த உடுப்பை என்ன செய்வது? குப்பையில் போட்டால், யாருடைய குப்பை என்று தேடி வருவார்கள். எரித்தால், ஃபிளாட் முழுக்கப் புகை. கடலில் போடலாமென்றால் ரயில் பாதை ஓரமெல்லாம் காவல், பார்சலோடு கடலை நோக்கி நடக்கும் தமிழனைச் சும்மா விடுவார்களா? கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசியில் பூடகமாக, "ஒரு சாமான் வந்திருக்கு, கொஞ்ச நாளைக்கு உங்க வைக்கலாமோ?" என்று கேட்டேன். என்ன சாமான் என்றுகூட அக்கா கேட்கவில்லை. "இஞ்ச கொண்டுவந்திடாதை!" என்று சொல்லி வைத்துவிட்டார். காலம் அப்படி.

டீச்சர்தான் வழி கண்டார். "சாயம் போடுவம். கறுப்புச் சாயம். திட்டெல்லாம் மறைஞ்சிடும், பிறகு அது வெறும் உடுப்பு."

சனிக்கிழமை காலை குசினியில் பெரிய பானையை ஏற்றினார். தண்ணீர் கொதித்தது, சாயம் கரைந்தது, உப்பும் போட்டார். நான் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன், காற்சட்டையைக் கொடுத்தேன். கடைசியில் சட்டையை அவர் உள்ளே போட்ட கையோடு கதவில் தட்டுச் சத்தம் கேட்டது.

தட்டுகிற விதத்திலேயே தெரியும். அயலட்டை அப்படித் தட்டாது.

திறந்தேன். ஒரு பொலிஸ்காரர், நடுத்தர வயது. பின்னால் படியில் இரண்டு ஆமிக்காரர். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் கதவுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்ரிக் உறையில் தயாராக இருந்தன, வெள்ளவத்தையில் யார் வீட்டில்தான் இல்லை? எடுத்து நீட்டினேன். பார்த்தார், திருப்பித் தந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினார். சாய மணம்.

நேரே குசினிக்கு நடந்தார்.

பானையில் கறுப்பு நுரை கொதித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அகப்பைக் காம்பால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக்கு இன்னும் சாயம் பிடிக்கவில்லை. காற்றுப் புகுந்த ஒரு சட்டைக் கை மேலே மிதந்து வந்தது, டீச்சர் அமத்தினார். அடுத்த பக்கம் கழுத்துப் பட்டி எழும்பியது, அதையும் அமத்தினார்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டார்.

"சாயம், சேர்" என்றார் டீச்சர். நல்லவேளை, இரண்டு மொழியிலும் அது சாயம்தான்.

பொலிஸ்காரர் பானையைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? அவருடைய குரல் இறங்கியது. "மரணயக்த?"

கறுப்புச் சாயத்தைக் கண்டு மரண வீடா என்று கேட்கிறார்! யோசித்துப் பாருங்கள் – உண்மையைச் சொல்வதென்றால் என் அரைகுறைச் சிங்களத்தில் நான் என்ன சொல்ல வேண்டும்? ஐயா, இது ஆமி உடுப்புத்தான், ஆனால் ரொறொன்ரோவில் இருந்து வந்தது, நெடுந்தீவுக் குதிரையின் கண்ணில் படாமல் இருப்பதற்காக...

"ஒவ்" என்றேன். ஓம்.

"கவ்த?" யார்?

வாய்க்கு வந்தது அது ஒன்றுதான். "மகே மஸ்ஸினா." என் மைத்துனன்.

டீச்சரின் அகப்பை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு – சாயப் புகையோ, கோபமோ, இன்றுவரை சொல்லவில்லை.

"அனே... பவ்" என்றார் பொலிஸ்காரர். ஐயோ பாவம். தொப்பியைக் கழற்றினார். என் தோளில் கை வைத்து, "மகேத் மல்லி நே" என்றார். தன் தம்பியும் இல்லை, செத்துவிட்டான் என்கிறார். ஆமியில் இருந்தவனாம். வடக்கில்தானாம்.

மற்ற அறைகளைப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறக்கவில்லை. கமெரா, லென்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. படியில் நின்றவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார், அவர்களும் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டேன். தப்பிவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் தந்தது உண்மையான துக்கம், நான் கொடுத்தது பொய். சோதிக்க வந்தவரிடம் அப்படி ஓர் உணர்வு எனக்கு வருமென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"என்ர தம்பியை உயிரோட சாகடிச்சிட்டியளே!" குசினியிலிருந்து குரல் வந்தது.

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்?"

"உங்கட தம்பியைச் சொல்லியிருக்கலாமே!"

"எனக்குத் தம்பி இல்லையப்பா."

"அண்ணர் இருக்கிறார்தானே!"

விஞ்ஞானம் படித்த டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கறுப்பு அப்படியே இருக்க, பிள்ளையார் கோயிலுக்கு வெளிக்கிட்டார். நானும் பின்னால் போனேன். ரவியின் ஆயுளுக்குத் தேங்காய் உடைத்தார். நல்லவேளை, அது சரிபாதியாகப் பிளந்தது. இல்லாவிட்டால் என் ஆயுளுக்கு நான் பொறுப்பில்லை. பிறகு ஒரு நெய்விளக்கும் வாங்கி ஏற்றினார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன்ர தம்பிக்கு."

மாலையில் ரவி எடுத்தான். வெயில் விசாரித்தான். டீச்சர் ரிசீவரைப் பறித்து, அவன் குரலைக் கேட்டதும் மூக்கைச் சிந்தினார். "என்னக்கா, தடிமனோ? உடுப்பு அளவோ?" என்று அவன் கேட்பது எனக்கே கேட்டது.

"அளவாத்தான் இருக்கு. கறுப்பு நல்ல வடிவு."

"கறுப்போ? நான் அனுப்பினது பச்சையெல்லோ?"

"இஞ்ச வந்து கறுத்துப்போச்சு" என்றார் டீச்சர்.

அவனை ஏசுவதற்கு நான் பகல் முழுக்கச் சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். ரிசீவர் கைக்கு வந்தபோது மறுபடியும் வெயிலைப் பற்றித்தான் கதைத்தேன். பச்சைக் காற்சட்டைக்காக வெயிலில் கிடந்த பொடியன், இன்று அந்த நிறத்தைக் கடையில் கண்டு, அக்காவுக்கு நல்லாயிருக்கும் என்று எடுத்திருக்கிறான். பயத்தை அவ்வளவு சுத்தமாக மறந்திருக்கிறான். ஏசத் தயாராக இருந்த எனக்குக் கடைசியில் வந்தது பொறாமை.

உடுப்பைக் குளியலறைக்குள் காயப் போட்டோம். ஞாயிறு காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் – கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக, அதே திட்டுகள்! டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். இப்போது அது எங்கள் வீட்டில் பல துண்டுகளாக அடுப்புத் துடைக்கிறது.

இனிப் பயணப் பேச்சு எழாது என்று நினைத்தேன். பாதி நிம்மதி, பாதி கவலை. மறுநாள் பின்னேரம் வேலையால் வந்து பார்க்கிறேன், மேசையில் இரண்டு பேருக்கும் பஸ் ரிக்கெற். லென்ஸ் ஒரு துவாயில் சுற்றிச் சீலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

"அப்ப எதை உடுத்துக்கொண்டு குதிரைக்குக் கிட்டப் போகப் போறீர்?"

"நூல் சீலை."

"கண்டிட்டு ஓடிவிடாதோ?"

டீச்சர் பையின் ஸிப்பை இழுத்து மூடினார்.

"சீலையைக் கண்டு ஏன் ஓடுது? இவ்வளவு காலமும் அதுகளும் இந்த நாட்டிலதானே இருக்குதுகள். ரவின்ர உடுப்போட போனாத்தான் ஓடும்."