ஊர் சுற்றிய நோவு

“…வலியெல்லாம் ஓடியே போயிருச்சுங்க டாக்டரய்யா. வேலைக்குப் போகலாம்னு ஒரு துண்டு மட்டும் எழுதிக் குடுங்க, கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன்” என்றாள் செல்லம்மா. முதுகில் கொழுந்துக்கூடை, தலையில் கூடைக்கயிறு. உட்காரக்கூட இல்லை.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். டாக்டர் இல்லை; ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு நான் டாக்டரய்யாதான்.

செல்லம்மாவுக்கு முதலில் தொண்டைப்புண் வந்தது. அது ஆறிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அவளைப் பிடித்துக்கொண்டார்.

“முந்தாநேத்து முழங்காலு, நேத்து மணிக்கட்டு. நாளைக்கு மூக்கா புள்ள?”

பெரட்டே சிரித்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு: மெய்நோவு குந்தின எடத்துல குந்தும், பொய்நோவு ஊர் சுத்தும். எத்தனையோ நோவுக்கு அது சரி. இந்த ஒன்றுக்குச் சரியில்லை.

அவள் துண்டு கேட்டு வந்த அன்று கணக்கப்பிள்ளையும் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். “பாத்தீங்களாய்யா? நான் போட்ட சத்தத்துலயே வலி பறந்துருச்சு!”

செல்லம்மா குரலைத் தாழ்த்தினாள். “இன்னைக்கும் படுத்தா பொய்க்காரின்னு முடிவே கட்டிருவாங்கய்யா.”

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். லப், டப் என்ற இரண்டுக்கும் நடுவில் உஸ்ஸென்று ஒரு கசிவு. இதைத்தான் வாதக்காய்ச்சல் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொண்டைக் கிருமியை விரட்டக் கிளம்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையும் இருதய வால்வையுமே தாக்கிவிடும். மூட்டு ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு ஆறாது. இப்படித்தான் முன்பு ஒருத்தி ‘சொகமாயிருச்சு’ என்று மலையேறினாள். மூச்சு முட்டிச் சரிந்தவளைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

“கூடைய எறக்கு புள்ள. லாரி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுவரைக்கும் எந்திரிக்கவே கூடாது.”

“வலியே இல்லீங்களேய்யா!”

“அதாம்மா எனக்குப் பயமா இருக்கு.”

அவள் நம்பவில்லை. கால் வாசல் பக்கமே திரும்பியது. வேறு வழி தெரியாமல் குழாயை அவள் காதில் மாட்டி, மறுமுனையை அவள் நெஞ்சிலேயே வைத்தேன்.

கேட்டாள். முகம் வெளுத்தது.

“பீலிக் குழாய்ல தண்ணி ஒழுகுற மாதிரி… இது நானாங்கய்யா?”

தலையாட்டினேன்.

“என்னாங்கய்யா, என்னா சத்தம்?” என்றார் கணக்கப்பிள்ளை. சிரிப்பு போயிருந்தது.

நான் படித்த பாடம் இதுதான், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே: வலியென்று அழுது வருகிறவரைப் பாருங்கள், வலி போச்சென்று சிரித்து வருகிறவரின் நெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம் காதை வையுங்கள்.

செல்லம்மா தலையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். கூடையைக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்தாள். போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.