தாளிப்பு நின்ற வீடு

என் சித்தி திருவாதவூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவுக்கு ஒரே தங்கை. நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், மாசி மாதத்து மதியம் ஒன்றில், சித்தப்பா அவளைக் கைத்தாங்கலாகக் கோச்சடையிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது மணிக்கட்டில் கச்சிதமாக இருந்த கண்ணாடி வளையல்கள் இப்போது முழங்கை வரை ஏறி இறங்கின.

சித்தி முழுகாமல் இருக்கிறாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். உடம்புக்கு முடியாததால் குளிக்காமல் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் தினமும் குளித்தாள். பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குச் சின்ன வருத்தம்.

"எங்க மாமியா என்ன சொல்றாக தெரியுமாக்கா? காட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறேனாம்" என்று சித்தி சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது. வாசலில் தயங்கி நின்ற சித்தப்பாவைப் பார்த்து, "தம்பி, நீங்க போயிட்டு வாங்க. இவளத் திங்க வச்சு, நடக்க வச்சுத்தான் அனுப்புவேன்" என்றாள்.

அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அன்று சாயங்காலமே சுடச்சுடச் சோறு வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, "ரெண்டு உசுருக்குத் திங்கணும்டி" என்று உருட்டி உருட்டி ஊட்டினாள். எல்லாம் வந்த வழியே வெளியே வந்தது. அம்மா தரையைத் துடைத்துவிட்டு மறுபடி உலை வைத்தாள். மறுநாளும் அதே கதைதான். பிடிவாதத்தில் அம்மாவுக்குக் கொஞ்சமும் இளைத்ததாக இல்லை சித்தியின் வயிறு. கடைசியில் குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், கிணற்றடிக்குப் போன சித்தி சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ரிக்‌ஷாவில் ஏற்றிப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த நர்ஸம்மா, அம்மா எப்படியெல்லாம் ஊட்டினாள் என்பதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நெறையக் குடுத்தா நிக்காதும்மா. வயித்த ஒரேயடியாக் காலியாவும் விடக் கூடாது. காலையில கண்ணு முழிச்சதும், எந்திரிக்கறதுக்கு முந்தியே, காஞ்ச பண்டமா ஒரு வாய் மெல்லச் சொல்லு. பெறகு கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கக் கொஞ்சம் கொஞ்சமா. சோறு திங்கும்போது தண்ணி வேணாம், தனியாக் குடிக்கட்டும். ஆறுன சாப்பாடு குடு, வாசனை கம்மியா இருக்கும். மறுபடி தண்ணி தங்கலேன்னாலோ, ஒண்ணுக்கு சரியாப் போகலேன்னாலோ உடனே தூக்கிட்டு வந்துரணும். வீட்டுல வச்சுக்கிட்டு இருந்தா ரெண்டு உசுருக்குமே ஆபத்து."

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். விடியும்போதே சித்தியின் பாய் ஓரத்தில் ஒரு கிண்ணம் பொரி இருக்கும். படுத்தவாக்கில் அவள் அதை மென்று முடிக்கும் வரை, எழுந்துவிடாமல் அம்மா காவல் இருப்பாள். பிறகு ஆறிய இட்லி, சட்னி இல்லாமல், அரை இட்லியாக. இடையில் வெள்ளரிப்பிஞ்சு. வெயில் ஏறியதும் உப்புப் போட்ட நீர்மோர், ஒவ்வொரு மடக்காக. நாரத்தங்காய் ஊறுகாயின் ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டால் சித்தியால் மோர்ச்சோறு நாலு வாய் சாப்பிட முடிந்தது. அந்த நாலு வாய் உள்ளே தங்கிய அன்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றி வைத்தாள்.

எங்களுக்குத்தான் சோதனை. கடுகு வெடிக்கும் வாசனை பட்டாலே சித்திக்குக் குமட்டியது. அதனால் வீட்டில் தாளிப்பே நின்றுபோனது. மீன் கிடையாது, கருவாடு கிடையாது, வெங்காயம் வதக்குவது கிடையாது. அவித்த காயும் வெறும் பருப்பும் எத்தனை நாளைக்கு இறங்கும்? அப்பா ஜவுளிக்கடையிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தார். ஒருநாள் அவர் உள்ளே நுழைந்ததும் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

"எங்க போயிட்டு வாறீக?"

"கடையில சரக்கு வந்துச்சு. எறக்கி வச்சுட்டு வாரேன்."

"சரக்கு சால்னா மணக்குதே. போங்க, கிணத்தடியில குளிச்சுட்டு உள்ள வாங்க."

அப்பா குளித்துவிட்டு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகப் பரோட்டா தின்றுவிட்டாரே என்று நான் அவரோடு நெடுநேரம் பேசவில்லை.

எங்களுடையது காம்பவுண்டு வீடு. ஒரு வாசலுக்குள் வரிசையாகக் குடித்தனங்கள். அம்மா ஒவ்வொரு வீடாகப் போய், காலை வேளையில் மட்டும் கருவாடு வறுக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். எல்லோரும் சரி என்றார்கள். பங்குனியில் அடுத்த வீட்டு மதினி வருடத்துக்கான பொடிக்கு மிளகாய் வறுக்கத் தயாரானபோதுதான் சிக்கல் வந்தது.

"ஒந் தங்கச்சி மசக்கைக்காக எம்பிள்ளைக வருசம் பூரா சப்புன்னு திங்குமா?" என்றாள் மதினி. அவள் கேட்டதிலும் தப்பில்லை.

அம்மா சண்டை போடவில்லை. "மொளகாயக் குடுங்க மதினி. நான் வறுத்துத் தாரேன். இங்கன இல்ல, ஆத்துக்குக் கொண்டு போறேன்" என்றாள்.

மதினி மிளகாயைப் பையில் போட்டுக் கொடுத்தாள். இருப்புச் சட்டி அம்மா தலையில், மிளகாய்ப் பை என் தோளில். வைகை மணலாகக் கிடந்தது. கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி அடுப்புப் பற்றவைத்து, கொளுத்தும் வெயிலில் அம்மா மிளகாய் வறுத்தாள். காற்று திசைமாறி அடித்தபோது தூரத்து ஊற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆள், "ஏத்தா, அம்புட்டுச் சனத்தையும் தும்ம விட்டுத்தான் போவியா?" என்று கத்தினான். அம்மா நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. கிளறிக்கொண்டே இருந்தாள்.

பாதி வறுத்திருப்பாள். சட்டென்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். கருவேல மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் பயந்து ஓடினேன்.

"நெடி ஏறிருச்சு, வேற ஒண்ணுமில்ல. சித்திகிட்டச் சொல்லிறாத. அப்பறம் அவ நம்ம வீட்டுல இருக்க மாட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, மீதி மிளகாயையும் வறுத்து முடித்துத்தான் எழுந்தாள்.

சித்திரை பிறந்து சித்திக்குக் குமட்டல் அடங்கியது. கன்னம் உப்பி, வளையல் கையில் நின்றது. ஒருநாள் குழம்புக்கு ஏன் தாளிக்கவில்லை என்று அவளே கேட்டாள். சித்தப்பா வந்து கூட்டிப் போனார். பஸ் ஏற்றிவிட நாங்களும் போனோம். படியில் கால் வைத்தவள் இறங்கி வந்து, அம்மாவின் காதோரம், "எனக்கு அப்பவே தெரியும்க்கா. சொன்னா என்னைய வைவன்னு பேசாம இருந்தேன். இனியாச்சும் நீ கொஞ்சம் படு" என்றாள். இருவரும் அழுதார்கள். "போடி, பஸ்ஸு கெளம்பப் போகுது" என்று அம்மா அவளைத் தள்ளினாள்.

"சித்திக்கு என்னம்மா தெரியும்?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"நீ பரோட்டா வாங்கித் தரலேன்னு அப்பாகூடப் பேசாம இருந்தது" என்றாள் அம்மா. நான் வெட்கத்தோடு நம்பினேன்.

புரட்டாசியில் சித்திக்குப் பெண் பிறந்தது. அடுத்த மாதமே, ஐப்பசியில், எனக்குத் தம்பி பிறந்தான். சித்திக்குக் குழந்தை வந்ததைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்து ஒன்று வாங்கிக்கொண்டாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.